சேப்பாக்கத்தின் திறந்த அலமாரிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த நாள் 1857 செப்டம்பர் 5. ஆசிரியர் தினமும் அதே தேதியில் வருவதால், வாழ்த்து மழைக்கு நடுவே அது ஆண்டுதோறும் கவனிப்பாரின்றிக் கடந்துபோகிறது. இது வருத்தத்துக்குரியது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவைதான். மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் பெருமை சென்னைக்கே உண்டு.

லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே இதன் வேலை. பாடம் சொல்வது கல்லூரிகளின் பொறுப்பு. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் இல்லம் 1879-இல் நிறைவடைந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடிக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் வழிவிட்டது. 1913-இல் ராமானுஜன் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு மாணவரானார்.

இன்று சேப்பாக்கம், கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல் என வளாகங்கள் பரந்திருக்கின்றன. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கின்றனர்; முதுகலையும் ஆய்வும் வளாகத் துறைகளில் நடக்கின்றன. சேப்பாக்கத்து மாணவருக்குப் பறக்கும் ரயில், திருவல்லிக்கேணி மெஸ், மாலையில் கடற்கரை எல்லாம் நடை தூரம். வெளியூர்க்காரர்களில் பலர் தங்குவது மேன்ஷன்களில். கட்டில் போட்டபின் மேசைக்கு இடமில்லாத அறையில் இருப்பவருக்கு நூலகமே படிப்பறை.

அந்த நூலகத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1924-இல் அதன் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன், அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பயிற்சிக்காக லண்டன் சென்றவர், அங்கிருந்த நூலகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஒரு கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு வழி காட்டியது. சில துண்டுகளைப் பலவிதமாகப் பூட்டிப் பல உருவங்கள் செய்வதைப் போல, ஒரு நூலின் பொருளையும் கூறுகளாகப் பிரித்துக் கோத்து எண்ணிடலாம் என்று கண்டார். அதிலிருந்து பிறந்த கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வெளிவந்தது.

மாணவருக்கு அவர் செய்த பெரிய உதவி திறந்த அலமாரி. மூடிய முறையில் வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பெயர் தெரிந்த நூல்தான் கைக்கு வரும். திறந்த அலமாரியில் தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில், பெயரே கேட்டிராத இன்னொரு நூல் கிடைக்கும். பல ஆய்வுகள் அந்த இன்னொரு நூலில்தான் தொடங்குகின்றன. நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் அவர் நீட்டித்தார். நூல் பயன்பாட்டுக்கு உரியது, வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டியது என்ற கொள்கைகளை 1931-இல் ஐந்து விதிகளாக வகுத்தார். நூலகம் 1936-இல் இன்றைய கட்டடத்துக்கு வந்தது. பின்னாளில் ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ இதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படும் கல்லூரி நூலகங்களைப் பற்றி இந்தப் பத்தி பலமுறை முறையிட்டிருக்கிறது. மாணவருக்குப் படிக்க நேரம் கிடைப்பதே வகுப்பு முடிந்த பின்புதான். நூற்றாண்டுக்கு முன் சேப்பாக்கத்தில் ஒருவர் புரிந்துகொண்ட இந்த எளிய உண்மையை, அவர் பெயரில் விழா எடுக்கும் கல்லூரிகள் முதலில் தம் நூலகக் கதவில் நடைமுறைப்படுத்த வேண்டும்.