பாராலீகல் என்றால் பாதி வக்கீலா? சட்டம் படிக்க நினைப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

அமெரிக்கத் தொடரான 'சூட்ஸ்' பார்த்தவர்களுக்கு ரேச்சல் ஜேன் கேரக்டர் மறந்திருக்காது. பெரிய சட்ட நிறுவனத்தில் அவர் பாராலீகல். வழக்குக்குத் தேவையான ஆவணங்களைத் தோண்டி எடுப்பார், பழைய தீர்ப்புகளைத் தேடித் தருவார். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆவார். 'முதல்ல பாராலீகல் ஆகிடலாம், அப்புறம் வக்கீல் ஆகிக்கலாம்' என்று இங்கேயும் சிலர் நினைப்பது இதனால்தான். ஆனால், இந்தியாவில் அப்படி ஒரு ஏணியே கிடையாது.

அப்படின்னா பாராலீகல் யார்?

வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்டம் சார்ந்த வேலைகளைச் செய்து கொடுப்பவர்தான் பாராலீகல். ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, மனுவுக்கான விவரங்களைச் சேகரிப்பது, ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது எல்லாம் இதில் வரும். கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் ஆஜராவது இதில் வராது.

பேர்தான் புதுசு, வேலை பழசு. வக்காலத்து தாக்கல் செய்வது, வாய்தா தேதி குறிப்பது, தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுவது என நம்மூர் வக்கீல் குமாஸ்தாக்கள் பல தலைமுறைகளாகச் செய்துவருவதில் பெரும்பகுதி இந்த வேலைதான். இன்று அதே வேலையின் இன்னொரு வடிவம் கார்ப்பரேட் அலுவலகங்களில், கம்ப்யூட்டர் முன்னால் நடக்கிறது.

எல்லைக்கோடு எங்கே?

1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமை உண்டு. உரிமை இல்லாமல் தொழில் செய்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க அந்தச் சட்டத்தின் 45-வது பிரிவு வழி செய்கிறது. பாராலீகல் டிப்ளமா கையில் இருந்தாலும் இதுதான் நிலைமை. அந்தப் படிப்பு வேலையைக் கற்றுத் தரலாம், உரிமையைத் தராது.

இங்கிலாந்தில் கதை வேறு. 2021-ல் வந்த புதிய தேர்வு முறையில், சொலிசிட்டர் ஆக 2 வருட வேலை அனுபவம் தேவை. பாராலீகலாக வேலை பார்த்த காலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் எத்தனை வருஷம் பாராலீகலாக இருந்தாலும், சட்டக் கல்லூரி வாசலில் எல்லோருக்கும் ஒரே வரிசைதான்.

வக்கீல் ஆகணும்னா?

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 வருடப் படிப்பு. டிகிரி முடித்தவர்களுக்கு 3 வருடம். அதன் பிறகு மாநில பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆரம்ப வருமானம்தான் பலருக்கும் பயம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சீனியரிடம் சேரும்போதே இதைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. நீதிபதி கனவு இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: சிவில் நீதிபதி பதவிக்கு 3 வருட வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்திருக்கிறது.

சம்பளமில்லாத பாராலீகல்

இந்தியாவில் அரசே உருவாக்கிய பாராலீகல் ஒருவர் இருக்கிறார். 2009-ல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தின்படி பயிற்சி பெறும் 'சட்டம் சார்ந்த தன்னார்வலர்' அவர். ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சட்ட மாணவர் எனப் பலரும் இதில் சேரலாம். சிறையில் நீண்டகாலத் தண்டனை அனுபவிக்கும் நன்னடத்தைக் கைதிகளுக்கும் இடமுண்டு.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. 1987-ம் ஆண்டு சட்டத்தின் 12-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால், கணவரிடம் அடிவாங்கி வீட்டைவிட்டு வெளியே நிற்கும் பெண்ணுக்குப் பிரிவு எண்ணா தெரியும்? அவருக்கு அதை விளக்கி, மனுவை நிரப்பி, சரியான அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் இந்தத் தன்னார்வலர்தான்.

காணாமல் போன குழந்தைகள் பற்றிய புகார்களைப் போலீஸ் எப்படிக் கையாள்கிறது என்று கவனிக்க, காவல் நிலையங்களில் இவர்களைப் பணியில் வைக்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அவ்வளவு முக்கியமான வேலை இது. ஆனால் மாதச் சம்பளம் கிடையாது. வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம் மட்டும்.

இங்கேதான் அரசு தவறு செய்கிறது. ஆஷா பணியாளர்கள் விஷயத்தில் நடப்பதே இங்கும் நடக்கிறது: பொறுப்பு ஊழியருக்கு உரியது, பெயர் மட்டும் 'தன்னார்வலர்'. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஒருவர் இந்த வேலையில் எத்தனை வருஷம் நிற்பார்? அனுபவம் உள்ளவர் விலகும்போது, நஷ்டம் அவர் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்க வேண்டிய மக்களுக்குத்தான். குறைந்தபட்சம் காவல் நிலையம், சிறை, நீதிமன்ற உதவி மையங்களில் இருப்பவர்களையாவது நிலையான மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும்.

அப்போ சேரலாமா, வேண்டாமா?

பிழைப்புக்கு இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் சட்டம் தனக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்தோடு இருப்பவருக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. அழுதுகொண்டே பேசுபவரிடம் பொறுமையாக விவரம் வாங்க முடிகிறதா? அலுவலகம் அலுவலகமாக அலையச் சலிப்பில்லையா? சில மாதங்களிலேயே பதில் தெரிந்துவிடும். 5 வருடமும் அப்பாவின் சேமிப்பும் செலவான பிறகு தெரிவதைவிட இது மேல். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தன்னார்வலர் தேர்வு எப்போது என்று விசாரிக்கலாம். சட்ட உதவி தேவைப்படுபவர்கள் அழைக்க வேண்டிய எண் 15100.