முதலில் சுட்டது யார்?

ஒரு சின்னக் கேள்வி. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் ஹான் ஸோலோவும் பச்சைத் தோல் க்ரீடோவும் பாரில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் சுட்டது யார்?

1977-ல் தியேட்டரில் பார்த்தவர், ‘இதென்ன கேள்வி, ஹான்தான். மேஜைக்கு அடியிலேர்ந்து ஒரே போடு’ என்பார். 1997 ஸ்பெஷல் எடிஷன் ஆசாமி, ‘க்ரீடோ சுட்டான், குறி தப்பிடுச்சு’ என்பார். 2004 டிவிடிக்காரர், ‘ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணா’ என்பார். 2019-ல் டிஸ்னி ப்ளஸ்ஸில் பார்த்தவரோ, ‘சுடறதுக்கு முன்னாடி க்ரீடோ புதுசா ஒரு வார்த்தை சொல்றானே, கவனிக்கலையா?’ என்பார். நாலு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். நாலும் நிஜம்.

வீட்டு வீடியோவில் குறைவதெல்லாம் கத்திரியின் வேலை அல்ல. சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃப்ரேம். நம் ஊர் டி.வி.யின் பழைய ‘பால்’ முறைக்கு 25. அதற்காகப் பல படங்களைச் சற்று விரட்டி ஓட்டிப் பதிவு செய்தார்கள். 100 நிமிஷப் படம் 96-ல் முடிந்துவிடும். ஒரு காட்சியும் போகாது. ஹீரோ குரல் மட்டும் ஒரு இழை கீச்சென்றிருக்கும். இது பிசிக்ஸ். மன்னிக்கலாம்.

டைரக்டரே திருத்திவிட்டுப் பழையதைப் பூட்டி வைப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஜார்ஜ் லூகாஸ் 1988-ல் அமெரிக்க காங்கிரஸ் முன் போய், லாபத்துக்காகக் கலைப்படைப்புகளை மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்ற பொருளில் முழங்கியவர். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்பது வருஷம் கழித்து அவரே தூரிகையை எடுத்தார். ‘என் படம், என் உரிமை’ என்பது அவர் கட்சி. சரி சார், பழசு எங்கே? 2006-ல் டிவிடியில் போனஸாக வந்தது, 1993-ல் லேசர் டிஸ்க்குக்குத் தயாரித்த மாஸ்டரிலிருந்து. புதுசுக்கு வாழையிலை விருந்து, பழசுக்குப் பழைய சோறு.

மற்றவர்களைப் பாருங்கள். 1982-ல் வந்த ‘ப்ளேட் ரன்னர்’ படத்துக்கு, முன்னோட்டம் பார்த்தவர்கள் குழம்பியதால், பின்னணி விளக்கமும் சுபமான முடிவும் ஒட்டப்பட்டன. அந்த முடிவில் வரும் மலைக்காட்சிகள், குப்ரிக் ‘தி ஷைனிங்’குக்காக எடுத்து மிச்சம் வைத்தவை! 1992 பதிப்பில் இரண்டும் போயின. 2007-ல் ரிட்லி ஸ்காட் ‘ஃபைனல் கட்’ கொடுத்தபோது, ஒட்டுப்போட்டதையும் சேர்த்து ஐந்து வடிவங்களும் ஒரே பெட்டியில் கிடைத்தன. ஸ்பீல்பெர்க் 2002-ல் ‘ஈ.டி.’யில் போலீஸ் துப்பாக்கிகளை வாக்கி டாக்கி ஆக்கினார். கூடவே பழைய படத்தையும் டிவிடியில் வைத்தார். அப்புறம் மனசு உறுத்தி, 2012 ப்ளூ-ரேயில் துப்பாக்கியே திரும்பிவிட்டது.

ஆபீஸ் கேஷ் புக்கில் ஒரு தொகையைத் திருத்தினால் விதி என்ன? ஒற்றைக் கோடு போட்டு அடி. அடித்தது படிக்கத் தெரியணும். பக்கத்தில் இனிஷியல் போடு. ஸ்காட்டும் ஸ்பீல்பெர்க்கும் கோடு போட்டார்கள். லூகாஸ் ஒயிட்னர் பூசினார். ஆடிட்டர் விடுவாரா?

‘ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு இவ்வளவு புலம்பலா?’ என்பீர்கள். ஹான் ஒரு சுயநலக் கடத்தல்காரன். க்ளைமாக்ஸில் பணத்தோடு கிளம்பினவன் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான். முதலில் சுடுகிறவன் திரும்பி வந்தால்தான் அது மாற்றம். ஆரம்பத்திலேயே ஜென்டில்மேன் என்றால் வராமல் என்ன செய்வான்? அதுவும் தவிர, 1977-ல் பார்த்தவர் தன் பிள்ளையிடம் இதைச் சொன்னால், பிள்ளை புதுசைப் போட்டுக் காட்டி, ‘அப்பாவுக்கு வயசாயிடுச்சு’ என்கிறான்.

2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அந்த 1977 பிரதியையே திரையிட்டது. எல்லா அப்பாக்களும் லண்டன் போக முடியாது. பரணில் 1997-க்கு முந்தின கேசட் இருந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் ராத்திரியோடு ராத்திரியாகப் படத்தை மாற்றிவிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.