இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்து அல்ல!

இடுப்பு பிடித்துக் கொண்டால் வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள்? "பேசாமல் படு. அசையாதே!" என்கிறார்கள். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பே பலருடைய வலியை நீட்டி விடுகிறது.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 62 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. மனிதரை வேலை செய்ய விடாமல் முடக்குவதில் முதல் இடம் இந்த வலிக்குத்தான். மூட்டை தூக்குகிறவருக்கும் இது வரும். நாற்காலியை விட்டு எழுந்திராதவருக்கும் வரும். 100-ல் சுமார் 90 பேருக்கு, வலிக்கு இன்ன கோளாறுதான் காரணம் என்று சுட்டிக் காட்ட முடியாது. ஆகவே, "முதுகெலும்பு தேய்ந்து விட்டது. இனி அவ்வளவுதான்!" என்று பயந்து ஒடுங்க வேண்டியது இல்லை.

ஹெல்சிங்கியில் நடந்த சோதனை

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1995-ல் வெளிவந்தது. புதிதாக இடுப்பு வலி வந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 2 நாள் படுக்கையில் இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகை வளைக்கும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தார்கள்.

வேலையை விடாதவர்கள்தான் நன்றாகக் குணம் அடைந்தார்கள். படுத்தவர்கள் பின்தங்கினார்கள்.

அப்படியானால் பயிற்சி எப்போது வேண்டும்? வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இதைச் சொன்னது. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியை அது சிபாரிசு செய்தது. இடுப்புப் பட்டையை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்றும் கூறியது.

மூன்று எளிய பயிற்சிகள்

தரையில் ஒரு பாய் போதும்.

ஒன்று: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்பை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். பிறகு மற்றக் கால்.

இரண்டு: மல்லாந்தபடியே முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்க வேண்டும். 5 எண்ணிவிட்டு இறக்க வேண்டும்.

மூன்று: குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் உயர்த்த வேண்டும்.

சில தடவைகளில் தொடங்கி, மெல்ல 10 தடவை வரை கூட்டலாம். வலி காலுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு, பிசியோதெரபி நிபுணரைக் கேட்க வேண்டும்.

குணமான பிறகு நடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2024-ல் வெளிவந்தது. முறையாக நடந்து பழகியவர்களுக்கு வலி திரும்பி வர சராசரியாக 208 நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு 112 நாளிலேயே திரும்பி விட்டது. நடப்பதற்குக் காசு வேண்டாம்!

உடனே டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கால் பலம் இழந்தவர்கள், தொடையிடுக்கு மரத்துப் போனவர்கள், காய்ச்சலோடு வலி உள்ளவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள் — இவர்கள் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கால் மணி நேரம்

இந்தப் பயிற்சிகளுக்கு ஒரு நாளில் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரம் பல தாய்மார்களுக்குக் கிடைப்பது இல்லை. விடிந்தால் அடுப்பு, பிறகு துணி, பிறகு தண்ணீர். வலியோடு அவள் குனிந்து நிமிர்வதை வீடே பார்த்துக் கொண்டிருக்கிறது.

அம்மாவுக்குத் தைலம் வாங்கி வரும் மகன், தண்ணீர்க் குடத்தையும் தூக்கி வைக்கட்டும். மனைவியைப் "படுத்துக்கொள்" என்று சொல்லும் கணவன், கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக் கொள்ளட்டும். மாலையில் அவளோடு தெருக்கோடி வரை நடந்து விட்டு வரட்டும்.

தைலத்தை விட அதுவே நல்ல வைத்தியம்!