முதல் படம் மாதிரி வராதாம்!

ஒரு சயன்ஸ் ஃபிக்‌ஷன் அக்‌ஷன் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்த அன்றே தீர்ப்பும் வந்துவிடும்: "என்ன செய்தாலும் முதல் படம் மாதிரி வராது மச்சான்." ட்ரெய்லர் வரவில்லை, கதை தெரியாது, இயக்குநர் யாரென்றுகூடத் தெரியாது. ஆனால் தீர்ப்பு ரெடி. சொல்பவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. படம் மோசமாக வந்தால் "நான் அப்பவே சொன்னனான்" என்று நெஞ்சை நிமிர்த்தலாம். நல்லதாக வந்தால் ஆரும் பழசைக் கிளறப் போவதில்லை.

இந்த வசனத்தோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. அது எப்பவும் பொய் என்பதால் அல்ல. பெரும்பாலும் அது உண்மையாகத்தான் போகிறது. ஆனால் அது சொல்லும் காரணம் பிழை. முதல் படம் ஒரு அதிசயம், இரண்டாவது எப்பவும் நகல், நகல் ஒருநாளும் மூலத்தை வெல்லாது என்று அது நினைக்கிறது. நாங்கள் சொல்வது வேற. இரண்டாவது படம் நகலாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் படத்தோடு சண்டை பிடிக்கத் துணியும் இரண்டாம் படம் அதை வெல்லும். முதல் படத்தைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற இரண்டாம் படம் தோற்கும். நாங்கள் பார்த்த தோல்விகளில் முக்கால்வாசி கும்பிட்டதால் வந்தவை.

முதலில் ஒரு சின்ன விசயம். இந்த வகைப் படங்களில் இரண்டாவதாக வருபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முதல் படம் ஒரு உலகத்தையே கட்ட வேண்டும். எதிர்காலத்தில் என்ன நடந்தது, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, ஏன் இந்தப் பெண்ணைத் துரத்துகிறது என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டும். 1984இல் ஜேம்ஸ் கமரூன் எடுத்த 'த டெர்மினேட்டர்' படத்தில் கைல் ரீஸ் காரை ஓட்டிக்கொண்டு, சுட்டுக்கொண்டு, இடையிடையே சாரா கொன்னருக்குப் பாடம் எடுப்பது அதனால்தான். இரண்டாவது படத்துக்கு அந்தச் சுமை இல்லை. பார்ப்பவருக்கு விதிகள் தெரியும். தெரிந்த விதிகளை வைத்து அவரை ஏமாற்றலாம்.

1991இல் வந்த 'டெர்மினேட்டர் 2' அதைத்தான் செய்கிறது. எதிர்காலத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆர்னோல்ட். முதல் படம் பார்த்த எவருக்கும் அவர்தான் கொலைகாரன். மற்றவர் ஒரு சாதாரண ஆள், பொலிஸ் சீருடை போட்டுக்கொள்கிறார். இருவரும் ஒரே பெடியனைத் தேடுகிறார்கள். ஷொப்பிங் மோல் ஒன்றின் பின்பக்க நடையில் ஆர்னோல்ட் ரோசாப்பூப் பெட்டிக்குள்ளிருந்து துவக்கை எடுக்கிறார். பெடியனைக் குனியச் சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் நிற்கும் பொலிஸ்காரனைச் சுடுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் முதல் படம் தலைகீழாகப் புரளுகிறது. முதல் படம் இல்லாமல் அந்தக் காட்சிக்குப் பெறுமதியே இல்லை. ஆனால் முதல் படத்தால் அந்தக் காட்சியை ஒருநாளும் எடுத்திருக்க முடியாது.

இது வெறும் திருப்பம் என்று சிலர் சொல்லுவினம். இல்லை. முதல் படத்தில் அந்த இயந்திரம் பொலிஸ் நிலையத்துக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டுத் தள்ளுகிறது. இரண்டாவது படத்தில் அதே முகம், அதே குளிர்ந்த பார்வை, வெளியே பொலிஸ் படை. இந்த முறை அது வாகனங்களைச் சல்லடையாக்குகிறது. பிறகு தன் கண்ணுக்குள் கணக்குப் பார்க்கிறது: உயிரிழப்பு 0.0. ஏனென்றால் ஒரு சின்னப் பெடியன் ஆட்களைக் கொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டான். மறுபக்கத்தில் சாரா கொன்னர், முதல் படத்தில் துரத்தப்பட்ட அப்பாவிப் பெண், இப்போது துவக்கோடு ஒரு விஞ்ஞானியின் வீட்டு வாசலில் நிற்கிறாள். எதிர்காலத்தைக் காப்பாற்ற அவரைக் குடும்பத்துக்கு முன்னால் கொல்லப் போகிறாள். அந்த நேரம் டெர்மினேட்டர் அவள்தான். இயந்திரம் கொல்லாமல் இருக்கப் பழகுகிறது, மனுசி இயந்திரமாகிறாள். விதி எழுதப்பட்டாயிற்று, புயல் வரப்போகிறது என்று முடிந்த முதல் படத்தைப் பார்த்து இரண்டாவது படம் கேட்கிறது: எழுதினது ஆர்? அழிக்கேலாதோ?

சரி, இதெல்லாம் காசு செய்த வேலை என்று ஒரு கட்சி இருக்கிறது. முதல் படம் ஏறத்தாழ 64 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்டது. இரண்டாவதற்கு ஏறத்தாழ 10 கோடி டொலர் செலவானது, அந்த நேரத்தில் அதுதான் உலகத்திலேயே அதிக செலவான படம். ஒஸ்காரும் 4 கிடைத்தது. காசு இருந்தால் ஆரும் செய்யலாம்தானே?

அப்படியென்றால் பிறகு வந்தவை எல்லாம் ஏன் விழுந்தன? 2003, 2009, 2015, 2019 என்று நான்கு டெர்மினேட்டர் படங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 15 கோடி டொலருக்கு மேல் கொட்டினார்கள். 2015இல் வந்த 'ஜெனிசிஸ்' 1984ஆம் ஆண்டுக் காட்சிகளைத் திரும்பவும் கட்டி, பழைய ஆர்னோல்டையும் இளம் ஆர்னோல்டையும் மோத விட்டது. பார்த்தவர்களுக்கு முதல் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்போல இருந்ததுதான் மிச்சம். 2019இல் வந்த 'டார்க் ஃபேட்' தொடக்கத்திலேயே ஜோன் கொன்னரைக் கொன்றது. துணிச்சல் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் ஸ்கைநெட்டுக்குப் பதில் லீஜன், ஜோனுக்குப் பதில் டானி, உருகும் வில்லனுக்குப் பதில் இன்னொரு உருகும் வில்லன். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு அதே கடையை நடத்தினார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கிறது வேற, அழிக்கிறது வேற. முதல் படம் கட்டியதை முதல் ஐந்து நிமிடத்தில் உடைப்பது சண்டை அல்ல. சண்டை பிடிக்க எதிரே இருப்பவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படிக் கேட்ட படம் 'ஏலியன்ஸ்'. 1979இல் ரிட்லி ஸ்கொட் எடுத்த 'ஏலியன்' ஒரு பேய்ப்படம், விண்கலத்துக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு கசப்பான உண்மை இருந்தது. கப்பலில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், கம்பனிக்கு அந்த ஜந்துதான் முக்கியம், இவர்கள் செத்தாலும் பரவாயில்லை. 1986இல் கமரூன் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறார். ரிப்ளி 57 வருடம் கழித்துக் கண் விழிக்கிறாள். நடந்ததைச் சொல்கிறாள். கம்பனி நம்பவில்லை, அவளுடைய அனுமதிப் பத்திரத்தைப் பறிக்கிறது. அவள் சரக்குத் துறையில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டும் வேலைக்குப் போகிறாள். படத்தில் நவீன துவக்குகளோடு வரும் படையினர் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் ஏலியன் இராணியோடு மோதுவதற்கு ரிப்ளி ஏறி நிற்பது எதில்? அதே பாரம் தூக்கும் இயந்திரத்தில். கம்பனி அவளை எந்த வேலைக்குத் தள்ளியதோ, அந்த வேலைதான் ஒரு சின்னப் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

பயத்தில் 'ஏலியன்' பெரிது என்று நீங்கள் சொன்னால் நாங்கள் மறுக்க மாட்டோம். அந்த இருட்டை இரண்டாவது படம் தொடவில்லை, தொட முயலவும் இல்லை. ஆனால் முதல் படத்தில் ரிப்ளி தப்பிப் பிழைத்தவள். இரண்டாவதில்தான் அவள் ஒரு முழு ஆள். சிகோர்னி வீவர் சிறந்த நடிகைக்கான ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது இரண்டாவது படத்துக்குத்தான்.

எங்களுக்கு எதிரான நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 2003இல் வந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' முதல் படத்தோடு சண்டை பிடித்த படம்தான். மீட்பர் என்று நாங்கள் கொண்டாடிய நியோவே அந்த அமைப்பு தன்னைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு என்று அது சொன்னது. இதைவிடப் பெரிய சண்டை என்ன? அப்படியிருந்தும் படம் 1999இல் வந்த முதல் படத்தை வெல்லவில்லை. ஏன்? அந்தக் கேள்வியை வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் திரைகளுக்கு முன்னால் நின்று விரிவுரையாகச் சொல்கிறார். எங்களுக்கு லெக்சர் ஹோலிலேயே இது தாராளமாகக் கிடைக்கிறது. அக்‌ஷன் படத்தில் கேள்வி அடிதடிக்குள்ளேயே இருக்க வேண்டும். 0.0 என்ற அந்த எண்ணைப் போல, பாரம் தூக்கும் இயந்திரத்தைப் போல.

2015இல் ஜோர்ஜ் மில்லர் எடுத்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' இதற்குச் சாட்சி. அதில் வசனம் கொஞ்சம், துரத்தல் அதிகம். 1979இல் வந்த முதல் படத்தில் மேக்ஸ் பழிவாங்கிவிட்டுத் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நான்காவது படத்தில் தப்பி ஓடியவர்கள் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார்கள். தேடிப் போன பசுமை நிலம் அங்கே இல்லை, ஆகவே விட்டு வந்த இடத்தையே மீட்க வேண்டும். இன்னொரு காட்சியில் சுட்டுத் தவறவிட்ட மேக்ஸ் கடைசிக் குண்டோடு துவக்கை ஃபியூரியோசாவிடம் கொடுக்கிறான். அவள் அவனுடைய தோளில் துவக்கை வைத்துச் சுடுகிறாள். தனி மனித வீரம் என்ற முதல் படத்தின் முழுக் கட்டடமும் அந்தத் தோளோடு சரி. ஆரும் பிரசங்கம் செய்யவில்லை.

இனி எங்கட பக்கம் வருவம். தமிழில் இதைச் சோதிக்க ஒரு சோடி இருக்கிறது: 2010இல் வந்த 'எந்திரன்', 2018இல் வந்த '2.0'. முதல் படத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கும். சிட்டி நீதிமன்ற உத்தரவுப்படி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பிறகு அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, இதை ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதால் என்பது பதில். இரண்டாம் பாகத்துக்கு இதைவிட நல்ல வாசல் இருக்க முடியுமா? சிந்தித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவனை, ஆபத்து வந்தவுடன் அதே ஆட்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அவன் ஏன் வர வேண்டும்? ஒரு கேள்வியாவது கேட்க மாட்டானா?

2.0 கேட்கவில்லை. சிட்டி கூப்பிட்ட உடனே வந்து சண்டை போடுகிறது. படத்தில் உண்மையான கேள்வி வைத்திருப்பவர் பறவைகளுக்காக வாதாடித் தோற்று இறந்துபோன பட்சிராஜன். அவரை இராட்சதப் பறவையாக்கி, கடைசியில் புறாக்களைப் பணயம் வைத்து அவரை அடக்குகிறார்கள். அவர் சொன்ன நியாயம் முடிவில் அமைச்சருக்குச் சொல்லும் ஓர் அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. செலவு 500 கோடி ரூபாயைத் தாண்டியது என்று செய்திகள் வந்தன. அந்தக் காசில் சிட்டிக்கு ஒரு கோபம்கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

இதற்கும் ஆட்கள் சொல்லும் காரணம் ஆயத்தமாக இருக்கிறது: "சுஜாதா இல்லை, அதுதான்." எந்திரனின் வசனத்தில் சுஜாதாவின் கை இருந்தது உண்மை. அவர் 2008இல் காலமானார். அவர்மேல் எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் இது "முதல் மாதிரி வராது" என்ற அதே வசனத்தின் இன்னொரு உருவம். ஒரு பெரியவர் போய்விட்டார், இனி ஒன்றும் சரிவராது. கேள்வி எந்திரனின் கடைசிக் காட்சியிலேயே எல்லாரும் பார்க்கக் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க ஆருக்கும் மனம் வரவில்லை.

இந்த வசனத்தை நாங்கள் இவ்வளவு பெரிதாக எடுப்பதற்குக் காரணம், அதை ரசிகர்கள் மட்டும் நம்பவில்லை, கம்பனிகளும் நம்புகின்றன. முதல் படத்தை வெல்ல முடியாது என்று நம்பும் தயாரிப்பாளர் என்ன செய்வார்? முதல் படத்தையே திரும்பக் காட்டுவார். 2015இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்' இதை மறைக்கவே இல்லை. சனங்களுக்குப் பழைய டைனோசர் அலுத்துவிட்டது என்று புதிதாக ஒன்றை உருவாக்குகிறார்கள், கடைசியில் அதை அடிக்கப் பழைய டி-ரெக்ஸைத் திறந்து விடுகிறார்கள். படம் 160 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. தியேட்டரில் கைதட்டியது நாங்கள்தான். பழசுக்குத்தான் கைதட்டுவோம் என்று எங்களிடமே கேட்டுத்தான் பழசைத் தருகிறார்கள்.

எங்கட வயதில் உள்ளவர்களுக்கு இந்த வசனம் சினிமாவோடு நிற்பதும் இல்லை. பாட்டு, இலக்கியம், கம்பஸ், நாடகம், எதை எடுத்தாலும் "அந்தக் காலம் மாதிரி வராது" என்று கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். அதைச் சொன்னவர்களுக்கு நாங்கள் மரியாதையோடு பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாங்களே அதை ஒரு படத்துக்குச் சொல்லும்போது, இரண்டாவதாக வருபவருக்கு நகல் எடுப்பதைத் தவிர வேற வேலை இல்லை என்று ஒப்புக்கொள்கிறோம். எங்களுக்கு அது வேண்டாம்.

ஆகவே அடுத்த முறை ஒரு இரண்டாம் பாகம் வரும்போது தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கோ. படம் பார்த்துவிட்டு இரண்டு விசயம் கேளுங்கோ. முதல் படத்தால் கேட்க முடியாத எதை இது கேட்டது? அதை அடிதடிக்குள் கேட்டதா, அல்லது ஆரையாவது நிறுத்தி வைத்துச் சொல்ல வைத்ததா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் தாராளமாகத் திட்டலாம், நாங்களும் சேர்ந்து திட்டுவோம். பதில் இருந்தால், அது முதல் படத்தைவிட நல்ல படம் என்று சத்தமாகச் சொல்லப் பழகுங்கோ.