போத்தல் மருந்தும் அரைப்பேரும்

மார்கழி பிறந்ததும் தென்மராட்சித் தென்னந்தோட்டங்கள் சிலவற்றில் ஒரு புதுக்கதை கிளம்புகிறது. விடிய ரக்ரர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், "டீசல் குளிரில் உறைந்துவிட்டது, நீ ஏன் போத்தல் மருந்து ஊற்றவில்லை?" என்று சாரதியைக் கேட்கிறார்கள். அந்தப் போத்தலையும் அவரே வாங்க வேண்டுமாம். தேங்காய் ஏற்ற வந்து வெறுமனே நின்ற ஆட்களுக்கு அரைப்பேர்.

மருந்து பொய் என்று நாம் சொல்லவில்லை. டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு பில்ரரை அடைத்துவிடும். மெழுகு பெரிதாகத் திரளாமல் சிறு துணுக்குகளாகவே இருக்கும்படி மருந்து பார்த்துக்கொள்கிறது. குளிருக்கு முன்பே ஊற்றினால்தான் பலன், திரண்ட மெழுகை அது கரைக்காது. கனடாவில் லொறி ஓட்டும் உறவுகளைக் கேளுங்கள், சொல்வார்கள். இந்தியாவின் லடாக்கில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை போகும். அங்கே 2019 நவம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம், பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை வரை உறையாத டீசலையே கொண்டுவந்தது. அந்தக் குளிரிலும் பொறுப்பு எண்ணெய் விற்பவரிடம்தான் போனது, சாரதியின் சட்டைப்பைக்குள் அல்ல.

நுவரெலியாவில் தை மாதம் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அங்குள்ள தோழர்கள் மருந்தைப் பற்றிப் பேசினால் நியாயம் உண்டு. சாவகச்சேரியில் மார்கழி, தை விடியலிலும் 20 பாகையை ஒட்டித்தான் குளிர். அதில் எந்த டீசல் உறையும்?

இங்கே வில்லன் தண்ணீர். மாரி மழையில் மூடி இறுகாத பரல் வெளியில் கிடக்கிறது. பாதி வெறுமையான தாங்கிக்குள் இரவு ஈரம் வியர்த்து அடியில் தேங்குகிறது. தண்ணீர் டீசலைவிடப் பாரம், அடியில் இறங்கிக் குழாய் வழியே முதலில் அதுதான் போகும். நாட்பட்டால் பாசிபோல் வழுவழுப்பும் பிடிக்கும். இதற்கு மேல் நாலு வருடப் பழைய பற்றரி! பின்னேரம் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி, விடிய பில்ரர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்தாலே பாதித் தொல்லை தீரும்.

போத்தலுக்குக் காசில்லாத சாரதி மண்ணெண்ணெயைக் கலக்கிறார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம் பெரியவர்கள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியது உண்மைதான், வேறு வழி இருக்கவில்லை. டீசலில் உள்ள வழுக்குத்தன்மை அதில் குறைவு, பம்ப் தேய்ந்துபோகும். பம்ப் போனால் அந்தப் பழியும் சாரதி தலையில்தான். மலிவு என்ற கதையும் 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியதோடு முடிந்தது. (இருக்கிற மண்ணெண்ணெய் பிள்ளைகள் படிக்கும் விளக்குக்கு வேண்டும் என்பது வாத்தியார் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாம் நிர்வாகங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. பரலுக்குக் கூரை, இறுக்கமான மூடி, காலத்துக்குக் காலம் புதுப் பில்ரர், வேலை செய்யும் பற்றரி. இயந்திரம் நின்ற நேரத்துக்கும் முழுப்பேர். மருந்துதான் வேண்டும் என்றால் அதைத் தோட்டக் கணக்கில் வாங்கட்டும்.

இதுவரை சொந்தக் காசில் போத்தல் வாங்கிய சாரதிகள் இரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். அரைப்பேர் விழுந்த நாட்களையும் குறித்து, இரண்டையும் உங்கள் தோட்டக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் அவற்றை மேசையில் வைக்கப்போகிறோம்.