மூன்று விரல் உப்பு

மின்சாரம் நின்று, சாலைகள் அறுந்து, மருந்துக் கடைகள் மூடிக் கிடக்கும் நிலை ஒன்று வருமாயின், நம் இல்லங்களில் எஞ்சப்போவது என்ன? கற்று வைத்த அறிவுதான் எஞ்சும் என்று எவரும் எளிதில் கூறிவிடலாம். ஆனால் அந்த அறிவு யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். வங்காள மண்ணில் நிகழ்ந்த ஒன்று இதற்கு நல்ல சான்று.

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்திற்கு ஓடி வந்தனர். போன்காவ் அகதிகளிடையே காலரா பரவியது. காலரா கண்டவரைக் கொல்வது, உடலிலிருந்து இடைவிடாது வெளியேறும் நீரும் உப்புமே. இழந்ததை ஈடுகட்ட அந்நாளில் நரம்பின் வழியே சலைன் ஏற்றுவார்கள். அங்கோ சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் ஒரு சிலரே. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, சிகிச்சை பெற்றோரில் இறந்தவர் 4 பேருக்கும் குறைவு என்றாயிற்று. சர்க்கரையுடன் சேரும்போது குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உப்பின் பின்னே நீரும் செல்லும். சூட்சுமம் அவ்வளவே.

போர் முடிந்து வங்கதேசம் பிறந்த பின்னும் வயிற்றுப்போக்கு குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. மருந்துப் பொட்டலங்கள் எல்லாக் கிராமங்களையும் எட்டவில்லை. எனவே 1980இல் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் அடுக்களையில் இருப்பதையே கையிலெடுத்தது. மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஏறத்தாழ அரை லிட்டர் நீர். பத்தாண்டுகளில் 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளின் வாசலேறிப் பெண் ஊழியர்கள் இதனைக் கற்பித்தனர்.

அவர்கள் கற்பித்த விதம்தான் ஆசிரியனாகிய என்னைக் கவர்ந்தது. சொல்லிவிட்டுப் போய்விடவில்லை, தாயின் கையாலேயே கலக்கச் செய்தனர். சில வாரங்கள் கழித்து வேறொரு குழு வந்து, அத்தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிக்கும். அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம்! (மதரஸாக்களில் இம்முறை வந்தால் எங்களில் எத்தனை பேருக்கு முழுச் சம்பளம் கிட்டுமோ, அறியேன்.)

அப்படியிருந்தும் தொடக்கத்தில் பலர் கற்றார்களே தவிரப் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது, கற்பித்த ஊழியர்களுக்கே அந்நீரின்மேல் முழு நம்பிக்கையில்லை என்பது தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவுமில்லை. பின்னர் ஊழியர்களுக்கு அது வேலை செய்யும் விதத்தை விளக்கினர். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். அதன் பிறகே அது வீடுகளில் வேரூன்றியது. பெண்களுக்கான விஷயம் என்று ஒதுங்கி நிற்கும் தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் அடுக்களைக்கு வருவோம். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அது கிட்டாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். 5 மில்லி பிடிக்கும் கரண்டியே கணக்கு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சுவைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடருங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிந்தாலோ, குழந்தை குடிக்க இயலாமல் துவண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.