கடவுச்சொல் வேண்டாம், சான்றிதழ் போதும்... ஆனால் யாருடைய போனில்?

வல்லம் வடகால், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். ஒப்பந்தத் தொழிலாளர்கள், சப்ளையர் ஆட்கள், பயிற்சி மாணவர்கள் என்று வருவோரும் போவோரும் ஏராளம். இப்படிப்பட்ட இடத்தில் வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் அது எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? வேலையை விட்டுப் போகிறவர் அடையாள அட்டையைத் திருப்பித் தருவார். கடவுச்சொல்லை எப்படித் திருப்பித் தருவார்?

மாற்றிவிட்டால் போச்சு என்பீர்கள். பார்கோடு ஸ்கேனர், டேப்லட், லேப்டாப் என்று அத்தனையிலும் மாற்ற வேண்டுமே!

இதற்கு மருந்து 1999லேயே வந்துவிட்டது. இஏபி-டிஎல்எஸ் என்று பெயர். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டிஜிட்டல் சான்றிதழ். எம்டிஎம் எனப்படும் கருவி நிர்வாக மென்பொருள் அதைத் தானாகவே இறக்கிவிடும். வைஃபையில் இணையும்போது ரேடியஸ் சர்வர் கருவியைச் சரிபார்க்கும், கருவியும் சர்வரைச் சரிபார்க்கும். அதனால் போலி வைஃபையில் போய் ஏமாறும் ஆபத்தும் குறைவு. ஒரு லேப்டாப் தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்றவர்கள் வேலை நிற்காது.

சிக்கலே இல்லையா? உண்டு. சான்றிதழுக்குக் காலாவதி தேதி இருக்கிறது. புதுப்பிக்கத் தவறினால் ஒரே நாளில் சான்றிதழ் வாங்கிய கருவிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். அப்புறம் புதுச் சான்றிதழ் இறக்கக்கூட வைஃபை கிடைக்காது! எனவே சில வாரங்கள் முன்பே தானாகப் புதுப்பிக்கும்படி அமைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி கருவியில் கம்பெனி சான்றிதழ் இருப்பது நியாயம். தொழிலாளியின் சொந்தப் போனில்? போன் முழுவதையும் எம்டிஎம் கையில் கொடுத்தால் அதில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று நிர்வாகம் பார்க்க முடியும். மொத்தமாக அழிக்கவும் முடியும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. ஷிப்ட் முடிந்து வந்து அம்மாவிடம் வீடியோ காலில் பேசுவதற்குக் கம்பெனியின் அனுமதி எதற்கு? இத்தகைய விடுதிகளில் வைஃபை தருவதென்றால் அது தொழிற்சாலை நெட்வொர்க்கோடு ஒட்டாத தனி வைஃபையாக இருக்கட்டும்.

பூட்டு தொழிற்சாலைக் கதவுக்குத்தான். தொழிலாளியின் சட்டைப்பைக்கு அல்ல. யோசித்துப் பாருங்கள்!